உன் அப்பாவின் மேசையை நான் அறுத்தது பற்றி

என் மகனுக்கு,

இதைப் பிரித்ததும், அம்மாவுக்கு என்ன ஆயிற்று, ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்றுதான் நினைப்பாய். ஃபோன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீயும் கூப்பிடுகிறாய். "சாப்பிட்டீங்களா மா? அங்க மழையா மா? சரி மா, வச்சிர்றேன்." இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது. அடக்கப் பார்த்தாலும் என் வாய் சும்மா இருக்காது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசித்தானே எனக்குப் பழக்கம். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது. ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, அந்த வரி சரிதானா என்று மறுபடி படித்துக்கொள்ளலாம். இரண்டு வரியை ஏற்கனவே அடித்துவிட்டேன்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். எஸ்தர் நல்ல பெண். அவள் ஒரு தடவைதான் என்னோடு ஃபோனில் பேசினாள். "அத்தை, உங்களுக்கு என்ன நிறம் புடவை புடிக்கும்?" என்று கேட்டாள். அதை என்னிடம் யாரும் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை, பச்சை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சந்தோஷம்தான். ஆனால் போன ஞாயிறு நீ சொன்னாயே, "ஜொகூர்லயே கோயில்ல பூசை, அங்கேயே சாப்பாடு, நீங்க பஸ் ஏறி வந்துடுங்க மா. நாங்க மலை மேல வர நேரம் இல்ல" என்று. நான் "சரி லா" என்றேன். ஃபோனை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய் நின்றேன். கட்டின பெண்டாட்டியை வீட்டுக்குக் கூட்டி வந்து, வலது காலை எடுத்து வைக்கச் சொல்லி, ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பதற்கு எவ்வளவு நேரமாகும்? நேரமில்லை என்பது காரணமில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரணம் பட்டறையில் அப்பா நின்று மரவேலை செய்த அந்த மேசை. போன கிறிஸ்மஸிலிருந்து நீ இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை முதலில் நான் சொல்லிவிடுகிறேன். நீ பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகப் பட்டறைக்குப் போனாய். நான் உனக்குப் பிடித்த கோழிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. கரண்டியோடு வந்து பார்த்தால், நீ குனிந்து மேசைக் காலைத் தடவிக்கொண்டிருந்தாய். "யாரு மா அறுத்தது?" என்றாய். "நான்தான். அஞ்சு இன்ச்சு. எனக்கு எட்டல" என்றேன். "அப்பாவோட மேசைய அறுத்தீங்களா?" என்றாய். அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் அப்போதே உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஆத்திரக்காரிக்குப் புத்தி எங்கே இருக்கும்? "செத்த மனுஷனுக்கு மேசை எதுக்குடா? உசுரோட இருக்கிறவளுக்குத் தோள்பட்டை கழண்டு போகுது. நீ மேசையப் பார்க்க வந்தியா, என்னைப் பார்க்க வந்தியா?" என்றேன். நீ, "இது என்ன தேயிலைச் செடியா மா, வெட்டுனா திரும்ப வளர்றதுக்கு?" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் கடைசியாக அந்த வார்த்தையைச் சொன்னேன். "நீ உங்கப்பனுக்குப் பொறந்த புள்ளடா, எனக்கு இல்ல." கிறிஸ்மஸுக்கு மறுநாள் தானா ராத்தாவில் முதல் பஸ் பிடித்து நீ போய்விட்டாய். மீந்த குழம்பை மூன்று நாள் நான் ஒருத்தியே சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

தேயிலைச் செடியா என்று கேட்டாயே, அது சரியான கேள்வி. எனக்குத்தான் அன்றைக்கு உறைக்கவில்லை. பதினேழு வயதில் கூடை தூக்கியவள் நான். முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்திருக்கிறேன். தேயிலை சும்மா விட்டால் மரமாகிவிடும், தெரியுமா? பொம்பளைகளுடைய இடுப்புக்கு மேல் அது போகக்கூடாது. போனால் கை எட்டாது, கொழுந்து நட்டம். அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை மலை மலையாகக் கவாத்து வெட்டுவார்கள். வெட்டின மலையைப் பார்த்தால் எரிந்துபோன காடு மாதிரி வெறும் குச்சியாக நிற்கும். புதுசாக வந்தவர்கள் பார்த்தால் ஐயோ என்பார்கள். எங்கள் கங்காணி சிரிப்பார். "அழுவாதீங்க, ரெண்டு மாசத்துல துளுத்துக்கும்" என்பார். துளிர்க்கும். நான் வாழ்ந்த இடத்தில் வெட்டுவது ஒரு பாவமே இல்லை. உயரமாகிவிட்டதா, கை எட்டவில்லையா, அரிவாளை எடு. அந்தப் பழக்கத்தில்தான் ரம்பத்தை எடுத்தேன். உண்மையாகவே அப்படித்தான் எடுத்தேன். நாலு காலையும் அறுத்து முடித்து, சிதறிக் கிடந்த நாலு துண்டுகளையும் குனிந்து பொறுக்கினேன். இது துளிர்க்காது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆனால் பழக்கம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நீ. அதனால் மீதியையும் கேள். உன் அப்பா நல்லவர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, எஸ்டேட் தச்சு வேலையை விட்டு விலகியபின் ரிங்லெட்டில் இந்த வீட்டையும் பின்னால் பட்டறையையும் தன் கையாலேயே கட்டினவர். அவர் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நான் நாலடி பத்து. இந்த வீட்டில் சமையல்கட்டுத் தட்டு, துணி மாட்டுகிற ஆணி, முகம் பார்க்கிற கண்ணாடி, மாதா படம் வைக்கிற பலகை எல்லாமே அவர் உயரத்துக்கு. கண்ணாடியில் எனக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். மஞ்சள் டப்பா எடுக்க அரிசி டின் மேல் ஏறுவேன். ஊர் உலகத்துக்கெல்லாம் அலமாரி அளந்து கொடுத்த மனுஷன், ஒருநாள்கூட என்னை நிற்க வைத்து அளந்ததில்லை. நான் ஒரு தடவை கேட்டேன். "எட்டலன்னா என்னைக் கூப்பிடேன் புள்ள, நான் எங்க போயிட்டேன்" என்றார். அதை அவர் அன்பாகத்தான் சொன்னார், அன்பாகத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். கூப்பிட ஆள் இருந்தவரைக்கும் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன அன்று, மஞ்சள் டப்பாவை எடுக்க அரிசி டின் மேல் ஏறி நின்றேன். அங்கேயே நின்று அழுதேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுப் பட்டறைக்கு ஓடுவாய். பனி உள்ளே வந்து மரம் ஈரமாகிவிடும் என்று அப்பா கதவைச் சாத்திவிடுவார். உள்ளே நீங்கள் இருவரும் அந்த மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று என்னவோ பேசிச் சிரிப்பீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்தால், "வச்சிட்டுப் போ புள்ள" என்பார். வாசற்படியில் வைத்துவிட்டுப் போவேன். நடுவீட்டில் உட்கார்ந்து உங்கள் சிரிப்பைக் கேட்பேன். பெற்ற பிள்ளைமேலும் கட்டின புருஷன்மேலும் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் உண்டா? இருந்தேன். அதனால்தான் அன்றைக்கு அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அது பல வருடமாக உள்ளேயே கிடந்தது. அது பொய், மகனே. நீ எனக்கும் பிறந்தவன்தான். அந்த வாயும் இந்தக் கோபமும் உனக்கு வேறு எங்கிருந்து வந்தது?

அப்பா போனபோது தானா ராத்தா கடைக்காரருக்குச் செய்து கொடுக்க ஒத்துக்கொண்ட தேத்தண்ணி மரத்தட்டுகள் பாதியில் கிடந்தன. அதை முடித்துக் கொடுக்கத்தான் முதன்முதலில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனேன். யாரும் 'வச்சிட்டுப் போ' என்று சொல்லவில்லை. உப்புத்தாள் போடுவது, மூலை ஒட்டுவது எல்லாம் கதவு இடுக்கில் பார்த்த அளவுக்குத் தெரிந்தது. மீதியைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கடைக்காரர் இன்னும் கேட்டார், செய்தேன். இரண்டு வருடம் பெட்டி மேல் ஏறி நின்று வேலை செய்தேன். ஒருநாள் இழைப்புளியைத் தள்ளும்போது பெட்டி சரிந்து விழுந்தேன். கீழே கிடந்தபடி "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். பிறகு நானே எழுந்தேன். அதற்கு அடுத்த நாள்தான் அறுத்தேன். விழுந்ததை உன்னிடம் அன்றைக்கும் சொல்லவில்லை, ஃபோனிலும் சொல்லவில்லை.

நீ போன பிறகு இந்த எட்டு மாதமும் நான் அந்த மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரைப் பார்க்க? இங்கே மத்தியானம் மூன்று மணிக்கே பனி இறங்கி எதிர்வீடு மறைந்துவிடுகிறது. ஞாயிறு பூசையில் சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிக் கைகூப்புகிறார் பார், வாரத்தில் ஒரு மனுஷர் என் முகத்தை நேராகப் பார்ப்பது அப்போதுதான். சில வாரம் அதற்காகவே போகிறேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படி ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்து, உட்காராமல், அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அறுத்த கால் வளராது. ஆனால் ஏறி இறங்குகிற மாதிரி செய்யலாமே என்று தோன்றியது.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், உனக்குத்தான் இதெல்லாம் புரியும். மேல் பலகையைத் தொடவில்லை. அறுபட்ட அந்தக் கால்களையும் கழற்றவில்லை. மெராந்திப் பலகையில் நாலு உறை செய்தேன். ஒவ்வொரு காலைச் சுற்றியும் ஒரு நீளப் பெட்டி மாதிரி, தரையில் நிற்கும்படி. உறைகளைக் குறுக்குச் சட்டம் போட்டு ஒன்றோடொன்று பிணைத்தேன். அப்பாவின் கால் அந்த உறைக்குள் மேலும் கீழும் போய்வரும். உறையிலும் காலிலும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை. வேண்டிய உயரத்துக்குத் தூக்கி, துளைக்குள் இரும்பு ஊசியைச் செருகினால் மேசை அங்கேயே நிற்கும். அடியில் இறக்கினால் என் உயரம். அதற்கு மேலே மூன்றாம் துளையில் அப்பா உயரம், கிட்டத்தட்ட. நாலாம் துளை உனக்கு. நீ அவரையும் தாண்டி வளர்ந்தவன். அந்த மேசையில் நீ எப்போதும் முதுகை வளைத்துத்தான் வேலை செய்தாய் என்பதை நான் கதவுக்கு வெளியிலிருந்தே பார்த்திருக்கிறேன். அப்பா பார்க்கவில்லை.

சொல்வதற்கு ஒரு பத்தியாக இருக்கிறது, செய்வதற்கு நாலு மாதம் ஆனது. முதலில் துளைகளைக் காலின் அடியிலிருந்து அளந்து போட்டேன். மேசையைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்கிறது, வைத்த பென்சில் உருண்டு ஓடுகிறது. ஏன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. நான் அன்றைக்கு ஆத்திரத்தில் அறுத்த நாலு காலும் ஒரே அளவு இல்லை. அடியில் தகரத்தை மடித்து வைத்து என்னை நானே ஏமாற்றியிருந்தேன். எல்லாத் துளையையும் மரத்துண்டு அடித்து அடைத்து, மேல் பலகையிலிருந்து கீழே அளந்து, புதிதாகப் போட்டேன். அது முடிந்ததும் மழைக்காலம் பிடித்தது. மரம் ஊதிக் கால் உறைக்குள் இறுகிக்கொண்டது, அசையவில்லை. மெழுகுவத்தியைத் தேய்த்தேன், மறுபடி இழைத்தேன், மறுபடி தேய்த்தேன். அப்பா இருந்தால் இரண்டு வாரத்தில் முடித்திருப்பார். ஆனால் அப்பா இப்படி ஒரு மேசை செய்திருக்கவே மாட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரும்பு ஊசிகளைச் செய்து கொடுத்தது கோலா தெர்லா வெல்டிங்காரர் செல்வம். தூக்குவதற்கு லோரிக்கு வைக்கிற ஜேக் இரண்டு கொண்டுவந்தார். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் மறுபக்கக் கால் கோணலாகிச் சிக்கிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும். செல்வம் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, நடுவுல ஒரு கைப்பிடி வச்சு, ரெண்டு ஜேக்குக்கும் செயின் போட்டுர்றேன். நீங்க ஒத்த ஆளா நின்னு சுத்திக்கலாம் லா."

"வேணாம்."

"ஏன் கா? வீட்ல நீங்க ஒருத்திதானே இருக்கீங்க?"

"வேணாம்னா வேணாம், செல்வம்."

அவர் ஜேக்கைக் கீழே வைத்தார். "தம்பி எப்ப வர்றாப்ல?" என்று கேட்டார். "கல்யாணம் முடிஞ்சு வருவான்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் நான் செய்த இரண்டாவது காரியம் அது.

மேசையை அறுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன், மகனே. எனக்கு எட்டவில்லை, நான் விழுந்தேன். உன்னைக் கேட்காமல் அறுத்தது தவறு. அது உனக்கும் அப்பாதான். கேட்டிருந்தால் நீயே ஒரு சனிக்கிழமை வந்து, நாலு காலையும் ஒரே அளவாக அறுத்துக் கொடுத்திருப்பாய், எனக்குத் தெரியும். கேட்க என் வீம்பு விடவில்லை. பிறகு அந்த வார்த்தையைச் சொன்னது பெரிய தவறு. மன்னித்துக்கொள் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. உன்னிடம் சொல்கிறேன். நீயும் எஸ்தரிடம் இவ்வளவு காலம் தாழ்த்தாமல் சொல்லப் பழகிக்கொள். அவளுக்கு எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்று வீடு பார்க்கும்போதே கேள். அவள் சொல்லாவிட்டாலும் ஒரு தடவை நிற்க வைத்து அளந்து பார். சிரிப்பாள், சிரிக்கட்டும்.

கல்யாணத்துக்கு நான் வருகிறேன். பஸ் டிக்கெட் நீ எடுக்க வேண்டாம், நானே எடுத்துக்கொள்வேன். பச்சைப் புடவை வந்து சேர்ந்தது, எஸ்தரிடம் சொல். நீங்கள் இங்கே வந்து தங்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு பகல் வந்தால் போதும்.

போன சனிக்கிழமை செல்வமும் நானும் ஆளுக்கொரு ஜேக்கைச் சுற்றி மேசையை நாலாம் துளைக்கு ஏற்றி ஊசி போட்டோம். ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை. "சரி கா, உங்க உயரத்துக்கு எறக்கிட்டுப் போயிர்றேன்" என்றார். இருக்கட்டும், நீ போ என்று அனுப்பிவிட்டேன். மேசை இப்போது என் நெஞ்சுக்கு நிற்கிறது. கடைக்காரருக்கு இருபது தட்டு கொடுக்க வேண்டும், வேலை ஒன்றும் ஓடவில்லை, எட்டி எட்டிக் கை வலிக்கிறது. பெட்டி மேல் ஏறப் பயமாக இருக்கிறது. ஒரு ஜேக்கை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ வந்து இன்னொன்றைச் சுற்றி, எனக்கு இறக்கிக் கொடுத்துவிட்டுப் போ.

அம்மா